உஷார்! பனிக்குள் ஒரு லாரி நிற்கிறது

வடக்கே லோடு கொண்டுபோகும் ஓட்டுநர்கள், அவர்களை அனுப்பிவைக்கும் ஓனர்கள், புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து மணிக்கொரு தடவை போன் போடுகிறவர்கள் மூன்று பேரும் இதைப் படிக்க வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் வடபாதியில் நள்ளிரவு தாண்டி லாரி ஓட்டுவது உயிரோடு விளையாடுகிற காரியம். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாடு முழுக்க மூடுபனி நேரத்தில் நடந்த விபத்துகளில் இறந்தவர்கள் மட்டும் 14,000 பேருக்கு மேல்.

44 என்பது நமக்கு அந்நியமான சாலை இல்லை. நாமக்கல் பைபாஸில் தினமும் பார்க்கிற அதே சாலைதான். கன்னியாகுமரியில் கிளம்பி மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று தமிழ்நாட்டைத் தாண்டி, பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா, டெல்லி, பானிபட், அம்பாலா, ஜலந்தர் வழியாக ஸ்ரீநகர் வரைக்கும் போகிறது. தொப்பூர் கணவாயில் லோடு வண்டியை இறக்கிப் பழகின கைக்கு அரியானா சமவெளி ஒரு பொருட்டாகவே தெரியாது. மேடு இல்லை, வளைவு இல்லை, நேர்க்கோடாகக் கிடக்கும் ஆறுவழிச் சாலை. கால் தானாகவே ஆக்சிலேட்டரில் இறங்கிவிடும்.

நம் ஊர் ஓட்டுநர்களுக்குப் பனி தெரியாதது இல்லை. ஓசூர், சூளகிரிப் பக்கம் மார்கழி விடியலில் பார்த்திருப்பார்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் மேகம் இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டதையும் பார்த்திருப்பார்கள். ஆனால் இங்கே வருவது ஓரிரு மணி நேரப் பனி. பத்து கிலோமீட்டர் போனால் கலைந்திருக்கும். வடக்கே அப்படி இல்லை. பஞ்சாபிலிருந்து பீகார் வரைக்கும் சிந்து-கங்கைச் சமவெளி முழுக்க ஒரே போர்வையாகப் படுத்துக்கொள்ளும். சில நாள் காலை பத்து, பதினொரு மணி ஆனாலும் எழுந்திருக்காது. சில நாள் பகல் முழுக்கச் சூரியனே தெரியாது. 'இன்னும் கொஞ்ச தூரம் போனா சரியாயிரும்' என்கிற நம் ஊர் அனுபவம் அங்கே செல்லாது. அந்தக் கொஞ்ச தூரம் இருநூறு கிலோமீட்டராகவும் இருக்கலாம்.

எந்த இரவில் பனி விழும் என்று முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். மேற்கேயிருந்து வருகிற காற்றுச் சலனத்தால் ஒரு நாள் மழை பெய்திருக்கும். மறுநாள் வானம் பளிச்சென்று வெளுத்திருக்கும், காற்று அசையாது. சாயங்காலம் பார்க்க அத்தனை அழகாக இருக்கும். அந்த ராத்திரிதான் உஷாராக இருக்க வேண்டிய ராத்திரி. மேகம் இல்லாததால் தரையின் சூடு வேகமாக வெளியேறிவிடும். ஈர மண்ணிலிருந்தும், தண்ணீர் பாய்ச்சிய கோதுமை வயல்களிலிருந்தும், கால்வாய்களிலிருந்தும் கிளம்புகிற நீராவி தரையோடு தரையாகக் குளிர்ந்து துளியாகிவிடும். இரவு இரண்டு மணிக்கு மேல் கெட்டியாகும். விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும்தான் உச்சம். ஓட்டுநரின் கண் அதிகமாகச் சொக்குவதும் அதே நேரத்தில்தான்.

இந்திய வானிலைத் துறை இதற்கு அளவு வைத்திருக்கிறது. 1,000 மீட்டருக்குள் கண் மறைந்தாலே மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே வந்தால் அடர்பனி. 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்த பனி. 50 மீட்டர் என்பது எவ்வளவு? பெரிய லாரி நான்கை ஒன்றன்பின் ஒன்றாக முட்டி நிறுத்தினால் வருகிற நீளம், அவ்வளவுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஏதோ கறுப்பாகத் தெரிகிறது. அது என்னவென்று மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போய், ஏர் பிரேக்கில் காற்று நிறைந்து லைனிங் பிடிப்பதற்குள் இரண்டு விநாடி போய்விடும். அதற்குள்ளேயே 33 மீட்டர் காலி. வேகம் ஒரு துளியும் குறைந்திருக்காது. அதற்கப்புறம் ஈரச் சாலையில் முழு லோடு வண்டி நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். மொத்தம் 70 மீட்டர் என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரிவதோ 50. மீதி 20 மீட்டரை முன்னால் இருக்கும் வண்டிக்குள்தான் ஓட்ட வேண்டும். இது நல்ல டயர், நல்ல பிரேக், சரியான எடை என்று வைத்துப் போட்ட கணக்கு. ஓவர்லோடும் வழுக்கை டயரும் சேர்ந்தால் கணக்கே வேறு.

40 கிலோமீட்டரில் வந்தாலும் நிற்பதற்கு 40 மீட்டர் ஆகும். 30 என்றால் 25 மீட்டர். 20 என்றால் 15 மீட்டர். நான்கு லாரி நீளம் மட்டும் தெரிகிற பனியில் 30ஐத் தாண்டக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அதற்கும் கீழே, இரண்டு லாரி நீளம்கூடத் தெரியவில்லை என்றால் நகர்ந்துகொண்டு இருப்பதே தப்பு. பாதுகாப்பான இடம் வரைக்கும் ஊர்ந்துபோய் ஒதுங்கிவிட வேண்டும்.

வேகம் எவ்வளவு என்பதை உடம்பு சொல்வதை நம்பாதீர்கள், மீட்டரைப் பாருங்கள். மரமும் கம்பமும் கடந்து போவதைப் பார்த்துத்தான் நாம் வேகத்தை உணர்கிறோம். பனியில் அவை மங்கிவிடும். பனியில் ஓட்டுநர்கள் தாங்கள் போவதைவிட மெதுவாகப் போவதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று 1998இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிறகு வந்த ஆய்வாளர்கள் சிலர் அதை மறுத்தார்கள். அந்த வாதம் எப்படி முடிந்தாலும் ஓட்டுநருக்குப் பதில் ஒன்றுதான்: டேஷ்போர்டில் முள் எங்கே இருக்கிறது?

வேகத்தைச் சொல்லிவிட்டேன். ஆனால் பனியில் லாரிக்காரர்களைக் கொல்வதில் வேகத்துக்குச் சமமான இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை. சாலை மேலேயே நின்றுகொண்டிருக்கும் வண்டி.

2017 நவம்பர் 8ஆம் தேதி காலை. டிசம்பர்கூடப் பிறக்கவில்லை. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் தாளை எரித்த புகையும் பனியும் கலந்து டெல்லியைச் சுற்றி மூச்சுவிட முடியாத வாரம் அது. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா போகும் 165 கிலோமீட்டர் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு வண்டி இடித்து நின்றது. அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் மற்றொன்று. தப்பியவர்கள் சாலையோரம் நின்று கையை ஆட்டிக் கத்துகிறார்கள். பனிக்குள்ளிருந்து கார்கள் வந்துகொண்டே இருக்கின்றன, இடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த வீடியோவை நாடே பார்த்தது. அதே நாள் காலையில் பஞ்சாப் பட்டிண்டா அருகே இன்னொன்று நடந்தது. மாணவர்கள் வந்த பஸ் இடித்து நின்றுவிட்டது. அந்த இடியில் தப்பித்தவர்கள், இறங்கி மேம்பாலத்தின்மேலேயே வேறு வண்டிக்காகக் காத்திருந்தார்கள். பனிக்குள்ளிருந்து வந்த லாரி அவர்கள்மேல் ஏறிப் போனது. முதல் இடியில் சாகாதவர்கள் இரண்டாவது வண்டியால் செத்தார்கள்.

இரண்டு சம்பவத்திலும் பாடம் ஒன்றுதான். பனியில் நின்ற வண்டி ஓடுகிற வண்டியைவிட ஆபத்தானது. ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? 'ஒண்ணுந் தெரியல, ஓரங்கட்டிருவோம்' என்று இடது பக்க வெள்ளைக்கோட்டின்மேல் பாதி, சாலைமேல் பாதியாக நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைத்து, லைட்டையும் அணைத்து, போர்வையை இழுத்துக்கொண்டு படுக்கிறார்கள். பேட்டரி இறங்கிவிடுமே என்கிற கவலை. பின்னால் வருகிறவனுக்கு அந்த லாரி தெரியவே தெரியாது. அவன் வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறான். அந்தக் கோடு நேராக இந்த லாரியின் பின்பக்கத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது.

நிறுத்துவதென்றால் சாலையை விட்டு முழுக்க இறங்கி நிறுத்துங்கள். தாபா, பெட்ரோல் பங்க், லாரிகளுக்கென்று கட்டிய லே-பை, சுங்கச்சாவடி தாண்டியதும் வருகிற நிறுத்துமிடம் இவற்றில் ஏதாவது ஒன்று. 'அடுத்த தாபாவுல நிறுத்திக்கலாம்' என்று நல்ல இடத்தைத் தாண்டிவிடாதீர்கள். அடுத்தது கண்ணுக்குத் தெரியுமா என்பதே நிச்சயமில்லை. தாபாவில் இடமில்லாமல் வாசலில், சர்வீஸ் ரோடு மெயின் ரோட்டில் சேருகிற வாயில் நிறுத்துவது நடுரோட்டில் நிறுத்துவதற்குச் சமம்.

வழியில் பிரேக்டவுன் ஆகி வேறு வழியே இல்லாமல் நின்றுவிட்டதா? அப்போதுதான் நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து எரிய வேண்டும். முக்கோண எச்சரிக்கைப் பலகையை வண்டிக்குப் பின்னால் பத்தடியில் வைத்துப் பிரயோஜனமில்லை. குறைந்தது 50 மீட்டர், பனியென்றால் இன்னும் தள்ளி. அதை வைக்கப் போகிறவர் சாலைமேல் நடக்கக் கூடாது, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கமாக நடக்க வேண்டும். மரக்கிளையை ஒடித்துப் போடுவது, கல் வைப்பது எல்லாம் பகல் வெளிச்சத்துக்கு உதவலாம். பனி இரவில் அந்தக் கல்லே பைக்கில் வருகிறவனைக் கொல்லும். வண்டி ரெடியானதும் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போகும் வழக்கம் அதைவிடக் கொடுமை.

இடித்துவிட்டதென்றால் இறங்கி நின்று யார் மேல் தப்பு என்று சண்டை போடாதீர்கள். சேதம் பார்க்காதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள். இரண்டு வண்டிக்கு நடுவில் ஒரு நொடிகூட நிற்காதீர்கள். இடது பக்கமாக இறங்கி, தடுப்பைத் தாண்டி, வயல் பக்கம் நன்றாக விலகிப் போய் நில்லுங்கள். தாண்டுவதற்கு முன்னால் அது பாலமா, தரையா என்று பார்த்துவிட்டுத் தாண்டுங்கள்.

நாமக்கல்லுக்கு இதில் தனிக் கவலை இருக்கிறது. நம்முடைய எல்பிஜி டேங்கர்கள் நாடு முழுக்க ஓடுகின்றன. 2024 டிசம்பர் 20 விடியற்காலை ஜெய்ப்பூர் அருகே யூ-டர்ன் எடுத்த எல்பிஜி டேங்கர்மேல் லாரி மோதியது. கசிந்த வாயு பரவித் தீப்பிடித்து, அந்த நீளத்துச் சாலையில் இருந்த பஸ், லாரி, கார் எல்லாம் எரிந்தன. பல உயிர்கள் போயின. அதைப் பனியின் கணக்கில் எழுதவில்லை. டேங்கர் ஒன்று சாலையில் இடி வாங்கினால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். வாயு வண்டி ஓட்டுகிறவர் பனியில் சாலைமேல் நிறுத்தவே கூடாது.

இனி விளக்குகள். பனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கும். டிம் பண்ணினால்தான் கொஞ்சமாவது சாலை தெரியும். ஃபாக் லைட் இருந்தால் அது தாழ்வாக, பம்பர் உயரத்தில் இருக்க வேண்டும். பனித்திரைக்கு அடியில் தரையை ஒட்டிப் பாய்வதற்குத்தான் அது. கேபின் தலைமேல் வரிசையாக நான்கு ஃபோகஸ் லைட் மாட்டிவைத்திருப்பது பனியில் உதவாது, கெடுக்கும்.

ஹெட்லைட்டில் மஞ்சள் காகிதம் ஒட்டும் பழக்கம் வடக்கேயும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைத்துப் போகும் என்ற நம்பிக்கை. பனித்துளி ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியது. அது மஞ்சளையும் வெள்ளையையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். காகிதம் ஒட்டினால் கூச்சம் சிலருக்குக் கொஞ்சம் குறையலாம், ஆனால் வெளிச்சமும் சேர்ந்து குறைகிறது. அந்தக் காகிதத்துக்குச் செலவழிக்கிற நேரத்தில் பின்பக்க லைட்டைத் துடையுங்கள். முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் இருக்கிறவனுக்குத் தெரிவது இங்கே முக்கியம்.

பின்பக்கத்தைச் சொல்லும்போது மனசு கொதிக்கிறது. தார்ப்பாயின் நுனி தொங்கி டெயில் லைட்டை மூடியிருக்கும். ஒரு பல்பு எரியும், ஒன்று எரியாது. பார்க்கிறவனுக்கு லாரி ஒரு மோட்டார் சைக்கிளாகத் தெரியும். சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கும், அதன்மேல் ஆயிரம் கிலோமீட்டர்ப் புழுதி படிந்திருக்கும். ஒரு ஈரத்துணியில் தீருகிற வேலை இது. காரோ வேனோ பின்னால் வந்து இடித்து அடியில் புகாமல் தடுக்கிற குறுக்குக் கம்பியைக் கழற்றிவிட்டோ, வளைந்ததை வளைந்தபடியே விட்டோ ஓட்டுகிறவர்களுக்கு நான் கடுமையாகவே சொல்வேன்: அதற்குள் புகுந்து தலை போகிறவன் ஒரு குடும்பத்தின் ஆள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் நிற்கிறீர்களா, போகிறீர்களா என்று தெரியாது. நீங்கள் இடது பக்கம் ஒதுங்கப் போவதையும் சொல்ல முடியாது. எல்லாரும் ஓடும்போதே மினுக்கிக்கொண்டு போனால், நிஜமாகவே நின்றுபோன ஒருவனின் மினுக்கலை யார் நம்புவார்கள்?

எக்சாஸ்ட் பிரேக்கைக் கொண்டே வேகம் குறைக்கிற கைதேர்ந்த ஓட்டுநர்களும் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் அப்போது பின்னால் சிவப்பு எரியாது. பனித்திட்டு வருவது தெரிந்ததும் முன்கூட்டியே காலை எடுத்து, பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தட்டிக் காட்டி, அப்புறம் குறையுங்கள். பனிக்குள் நுழைந்தபின் பயந்து ஒரே மிதியாக மிதித்தால், பின்னால் இருக்கிறவன் உங்கள்மேல் வந்துவிடுவான்.

'முன்னாடி போற வண்டியோட டெயில் லைட்டைப் புடிச்சுக்கிட்டே போயிரு' என்று பழைய ஆட்கள் சொல்லிக்கொடுப்பார்கள். பனிக் காலத்தில் இதைப் போல ஆபத்தான யோசனை இல்லை. அந்தச் சிவப்புப் பொட்டு மறையாமல் இருக்க அவனை நெருங்க வேண்டும். நெருங்கினால் நிற்க இடமில்லை. அவன் கால்வாயில் இறங்கினால் நீங்களும் இறங்குவீர்கள். அவன் நின்ற லாரியில் இடித்தால் நீங்கள் அவன்மேல். இப்படித்தான் பத்து வண்டி, இருபது வண்டி என்று குவிகிறது. வழிகாட்டியாகச் சாலையின் இடது ஓரக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன்மேல் ஏறாமல் கொஞ்சம் உள்ளே இருங்கள். பிரிக்கப்படாத இருவழிச் சாலையில் நடுக்கோட்டைப் பிடிக்காதீர்கள். எதிரே வருகிறவனும் அதைத்தான் பிடித்துக்கொண்டு வருவான்.

உத்தரப் பிரதேசத்திலும் அரியானாவிலும் இன்னொரு எமன் உண்டு. பனிக் காலமும் கரும்பு அரைக்கிற காலமும் அங்கே ஒன்றாக வருகின்றன. டிராக்டர் டிரெய்லரில் இரண்டு பக்கமும் பிதுங்கக் கரும்பு ஏற்றி, பின்னால் ஒரு விளக்குகூட இல்லாமல், ஆலை வாசலில் இடம் பிடிக்க ராத்திரியோடு ராத்திரியாக வருவார்கள். சுற்றுவழிக்குச் சோம்பி ராங் சைடிலும் வருவார்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், பாட்டை நிறுத்துங்கள். பனியில் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். டிராக்டரின் சத்தம் உருவத்துக்கு முன்னால் வந்து சேரும். கண்ணாடி இறக்கினால் குளிரும்தான். ஆனால் உள்ளே ஆவி படிந்து கண்ணாடி மங்குவதும் நிற்கும். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகிவிட்டது. ஏசியைப் போட்டால் அந்த ஈரம் சட்டென்று வற்றிவிடும். பழைய வண்டிக்காரர் கையில் எப்போதும் ஒரு காய்ந்த துணி இருக்கட்டும்.

கிளீனர் இருந்தால் நல்லது. இரண்டாவது ஜோடிக் கண். இப்போது பல ஓனர்கள் செலவு மிச்சம் என்று ஒற்றை ஆளாகவே அனுப்புகிறார்கள். வடக்குப் பனிக்கு அப்படி அனுப்பாதீர்கள். ஆனால் கிளீனரை இறக்கிவிட்டு 'முன்னாடி நடந்துட்டே வழி சொல்லு' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பையனை யார் இடிப்பார் என்று சொல்ல முடியாது.

ஒதுங்கி நிறுத்திய பிறகும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. வடக்கே குளிர் நான்கைந்து டிகிரிக்கு இறங்கும். நம் ஊர்ப் போர்வை தாங்காது. தாபாக்காரர் கரி போட்ட அடுப்பைக் கொடுப்பார். அல்லது கேபினிலேயே சமையலுக்கு வைத்திருக்கும் கேஸ் ஸ்டவ்வைப் பற்றவைத்து, கண்ணாடியெல்லாம் ஏற்றிக்கொண்டு படுப்பார்கள். மூடிய கேபினில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. இருமல் வராது. தூக்கம்தான் வரும், அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டார்கள். வடக்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிச் சாவுகள் நடக்கின்றன. கேபினுக்குள் நெருப்பு வேண்டாம். கனமான ரஜாய் ஒன்று வாங்குங்கள், காதுக்குக் குல்லா, காலுக்குக் கம்பளிச் சாக்ஸ். அந்தச் செலவை ஓனர் ஏற்க வேண்டும்.

ஓனர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டியது இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு ஒரு போன் போகிறது.

"எங்கப்பா இருக்கே?"

"மதுரா பக்கமுங்க. பனி கொட்டுதுங்க, மூக்குக்கு முன்னால ஒண்ணுந் தெரியலீங்க."

"செரி, பாத்து மெதுவா வா. ஆறு மணிக்குள்ள டெல்லி உள்ள போயிரோணும், தெரியுமில்ல?"

அக்கறையான வார்த்தைகள்தான். ஆனால் 'மெதுவா வா' என்பதும் 'ஆறு மணிக்குள்ள' என்பதும் ஒரே வாயிலிருந்து வந்தால், ஓட்டுநர் இரண்டாவதைத்தான் கேட்பார். டெல்லிக்குள் பகலில் கனரக லாரிகளுக்குத் தடை. அந்த நேரத்தைப் பிடிக்க எல்லா லாரியும் பனி கெட்டியாகிற அதே நேரத்தில் டெல்லியை நோக்கி ஓடுகிறது. ஒரு நேரத்தைத் தவறவிட்டால் ஒரு பகல் முழுக்க வெளியே கிடக்க வேண்டும், அதற்குப் பார்ட்டி வாடகையில் பிடிப்பான் என்கிற பயம். ஓட்டுநரின் கால் ஆக்சிலேட்டரில் இருந்தாலும் அதை அழுத்துவது இந்தப் பயம்தான். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதிவைத்தது. அது எத்தனை வண்டியில் நடக்கிறது என்பது ஓனர்களுக்கே தெரியும்.

ஆகவே போனில் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். 'எப்பப் போய்ச் சேருவே' என்று கேட்காமல் 'எங்க நிறுத்தியிருக்கே' என்று கேளுங்கள். பனிக் காலத்தில் டிரிப்புக்கு ஒரு நாள், ஒன்றரை நாள் கூடுதலாகும் என்று லோடு பேசும்போதே பார்ட்டியிடம் சொல்லிவிடுங்கள். ஜான்சி தாண்டும்போதே கணக்குப் போட்டு, குவாலியருக்கு வடக்கே பகல் பதினொரு மணிக்கு மேல் ஓட்டி இருட்டியதும் ஒதுங்குகிற மாதிரி டிரிப்பைப் பிரித்துக் கொடுங்கள். 'பனியால நின்னேன்' என்று சொல்கிற ஓட்டுநரின் படியில் கைவைக்க மாட்டேன் என்று வண்டி கிளம்பும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால்தான் அவர் நிம்மதியாக நிறுத்துவார்.

விமானத்துக்குப் பனியென்றால் தாமதமாகிறது, நாடே டிவியில் பேசுகிறது. ரயிலுக்குப் பனியென்றால் வேகக் கட்டுப்பாடு உண்டு. சிக்னல் வருவதை முன்கூட்டியே சொல்லும் ஜிபிஎஸ் கருவி இன்ஜின் டிரைவரிடம் உண்டு. தண்டவாளத்தில் சத்தவெடி வைத்து எச்சரிக்க ஆள் உண்டு. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் பனிக் காலத்துக்கு வேக வரம்பைக் குறைக்கிறார்கள், அது நல்லதே. ஆனால் அதைத் தாண்டி லாரிக்காரருக்கு என்று சாலையில் என்ன இருக்கிறது? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1990 டிசம்பர் 11 அன்று ஒரே பனித்திட்டில் 99 வண்டிகள் மோதிக்கொண்டு 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் பனியை அளக்கும் கருவிகளையும், வேகத்தை மாற்றிக் காட்டும் பலகைகளையும் வைத்தார்கள். பனி மோசமானால் வண்டிகள் ஏறவிடாமல் சாலையையே மூடும் ஏற்பாட்டையும் செய்தார்கள். வடக்கே அடர்பனி இரவில் சுங்கச்சாவடியிலேயே லாரிகளை நிறுத்தி, ஒதுங்க இடமும் சூடாக ஒரு டீயும் கொடுத்துப் பனி விலகியதும் அனுப்பினால் எத்தனை பேர் வீடு திரும்புவார்கள்! சுங்கம் கட்டுகிறவர்கள் இதைக் கேட்க உரிமை உள்ளவர்கள். லாரி உரிமையாளர் சங்கங்கள் டீசல் விலைக்குக் கொடுக்கிற குரலில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

நம் ஊருக்கும் ஒரு நாள் உண்டு. போகி. டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகை மார்கழிக் கடைசிப் பனியோடு கலந்து, சென்னையைச் சுற்றி விடியற்காலை கண் மறைக்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்திலேயே விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. பொங்கல் லோடு ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்கு விரைகிற கரும்பு லாரிகளும், மஞ்சள் குலை வண்டிகளும் அன்று காலை அதே புகைக்குள்தான் வருகின்றன. அன்று அதிகாலை மூன்றிலிருந்து எட்டு வரைக்கும் மேலே சொன்னதெல்லாம் இங்கேயும் பொருந்தும்.

வடக்கே கிளம்புகிறவர்கள் ஷெட்டிலேயே இதைப் பார்த்துவிடுங்கள்: டெயில் லைட், பிரேக் லைட் இரண்டு பக்கமும் எரிகிறதா, வைப்பர் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா, ஒளிரும் பட்டை உரிந்திருக்கிறதா, முக்கோணப் பலகை வண்டியில் இருக்கிறதா, தார்ப்பாயின் நுனி எங்கே தொங்குகிறது. செல்போனில் 1033 என்ற எண்ணைப் போட்டுவையுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளின் உதவி எண் அது. 112 எல்லா அவசரத்துக்கும். பனியில் சிக்கி இவற்றில் எதைக் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது 'எந்த இடம்?' என்றுதான். சுற்றிலும் ஒன்றும் தெரியாத நேரத்தில் அதைச் சொல்ல முடியாமல் திணறினவர்கள் உண்டு. ஆகவே பனிப் பகுதிக்குள் நுழைந்ததிலிருந்து, கடந்துபோகிற கிலோமீட்டர்க் கல்லின் எண்ணைக் கிளீனர் வாய்விட்டுப் படிக்கட்டும். ஒற்றை ஆளாகப் போகிறவர் கடைசியாகத் தாண்டிய சுங்கச்சாவடியின் பெயரையும், அதைத் தாண்டி எத்தனை கிலோமீட்டர் வந்தோம் என்பதையும் மீட்டரைப் பார்த்து மனசில் வைத்துக்கொள்ளட்டும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தீர்கள், டெல்லி நோக்கியா ஆக்ரா நோக்கியா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கச் சாலையில் வந்து நின்றால், நடுத்தடுப்பைத் தாண்டி உங்களிடம் வந்து சேர அதற்கு வழியே இருக்காது.